ஹைப்ரிட் எக்ஸ்சேஞ்சில் மெயில் தேடல்: ‘0 முடிவுகள்’ என்பதை எப்போது நம்பலாம்?

வழக்கு, உள்விசாரணை, தணிக்கை என்று ஏதோ ஒன்றுக்காக நிறுவனத்தின் மெயில்களைத் தேட வேண்டி வரும். கேட்பவர் ஒரே வரியில் கேட்டுவிடுவார்: “இந்த ஆறு பேர், கடந்த மூன்று வருஷம், இந்த ஒப்பந்தம் பற்றி எழுதியதும் வந்ததும் எல்லாம் வேண்டும்.” ஆறு மெயில்பாக்ஸும் ஒரே இடத்தில் இருந்தால் இது பெரிய வேலை இல்லை. சில மெயில்பாக்ஸ் நிறுவனம் சொந்தமாக வைத்திருக்கும் எக்ஸ்சேஞ்ச் என்ற மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வரிலும், மற்றவை அதன் க்ளவுட் வடிவமான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனிலும் இருக்கும் ஹைப்ரிட் அமைப்பில் விஷயமே வேறு. சொல்லைப் போட்டுத் தேடினால் அங்கேயும் ஏதோ ஒரு விடை வரத்தான் செய்யும். நான்கு பேருக்கு நூற்றுக்கணக்கில் மெயில் வரும், இரண்டு பேருக்கு 0 வரும். அந்த இரண்டு பேரும் ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையா, அல்லது அவர்களுடைய மெயில் இருக்கும் பக்கத்தைத் தேடல் எட்டிப் பார்க்கவே இல்லையா? திரையில் இரண்டுக்கும் ஒரே எண்தான் தெரியும்.

அந்த எண்ணை நம்பி ஒருவர் குற்றமற்றவர் என்றோ, ஒரு ஆவணம் இல்லவே இல்லை என்றோ முடிவு எடுக்கிறார்கள். அதனால் ஹைப்ரிட் தேடல் உள்ளே எப்படி நடக்கிறது என்பதை அட்மின் மட்டுமல்லாமல், முடிவைக் கையில் வாங்குகிறவரும் ஓரளவாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் பெயர், ஒரு பக்கம்தான் மெயில்

ஹைப்ரிட் அமைப்பின் வெற்றியே, அது இரண்டாக இருப்பது யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான். எல்லோருக்கும் ஒரே டொமைன், ஒரே முகவரிப் புத்தகம். யார் எந்தப் பக்கம் இருந்தாலும் காலண்டரில் யார் எப்போது சும்மா இருக்கிறார்கள் என்று பார்க்க முடியும். இதற்காக ஒவ்வொருவரின் பதிவும் டைரக்டரி சிங்க் என்ற ஒத்திசைவு மூலம் இரு பக்கமும் வைக்கப்படுகிறது. மெயில்பாக்ஸ் க்ளவுடுக்குப் போய்விட்டவருக்கு, நிறுவனத்தின் சொந்தப் பயனர் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரியில் ‘ரிமோட் மெயில்பாக்ஸ்’ என்ற வகையில் ஒரு பதிவு இருக்கும். வரும் மெயிலை ‘மெயில் டாட் ஆன்மைக்ரோசாஃப்ட் டாட் காம்’ என்று முடியும் முகவரிக்குத் திருப்பிவிடுவதுதான் அதன் வேலை. இன்னும் சொந்த சர்வரில் இருப்பவருக்கு, க்ளவுட் பக்கத்தில் வெறும் ‘மெயில் யூசர்’ என்று ஒரு பதிவு இருக்கும். இரண்டு வகைப் பதிவுக்கும் பெயர் உண்டு, முகவரி உண்டு. மெயில் கிடையாது.

அதனால் எந்தப் பக்கத்தில் ஆளைத் தேடினாலும் பெயர் கிடைத்துவிடும். பெயர் கிடைத்ததை வைத்து மெயிலும் அங்கேதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. தேடும் சொற்களைப் பற்றி யோசிப்பதற்கு முன், ஆறு பேரில் ஒவ்வொருவருக்கும் பிரதான மெயில்பாக்ஸ் எங்கே, ஆர்க்கைவ் (பழைய மெயில் போய்ச் சேரும் கூடுதல் மெயில்பாக்ஸ்) எங்கே என்று ஒரு பட்டியல் போட்டுவிட வேண்டும். எக்ஸ்சேஞ்சுக்குக் கட்டளை கொடுக்கும் மேனேஜ்மென்ட் ஷெல்லில் பெறுநர் வகையைக் கேட்டால் சில நிமிடங்களில் வந்துவிடும்.

ஒருவழிப் பாதை

எக்ஸ்சேஞ்ச் 2010-ல் பல மெயில்பாக்ஸ்களை ஒரே நேரத்தில் தேடும் வசதி வந்தது. 2013 பதிப்பில் அது ‘இன்-பிளேஸ் இ-டிஸ்கவரி’ (விசாரணைக்கு வேண்டிய மெயிலை இருக்கும் இடத்திலேயே தேடி எடுப்பது) ஆக வளர்ந்தது. ஹைப்ரிட் அமைப்பில் இரு பக்கத்தையும் சேர்த்து ஒரே தேடலாக ஓட்டலாம் என்ற வாக்குறுதி இந்த வசதியோடுதான் வந்தது. ஆனால் அது ஒருவழிப் பாதை. சொந்த சர்வரில் தொடங்கும் தேடல், சரியாக அமைத்திருந்தால், க்ளவுட் மெயில்பாக்ஸையும் பார்க்கும். க்ளவுடில் தொடங்கும் தேடல் க்ளவுடில் இருப்பதை மட்டுமே பார்க்கும். இன்று பர்வ்யூ என்ற பெயரில் இருக்கும் மைக்ரோசாஃப்டின் தேடல் கருவியை எப்படி அமைத்தாலும், அது உங்கள் சர்வர் அறையில் இருக்கும் மெயில்பாக்ஸுக்குள் போகாது.

புதிய கருவி, அழகான திரை, நிறைய வசதி என்பதால் க்ளவுட் பக்கத்திலிருந்து தேடுவதுதான் இப்போது எல்லோருக்கும் இயல்பாகிவிட்டது. ஹைப்ரிட் நிறுவனத்துக்குப் பாதி விடை கொடுக்கும் பக்கம் அதுதான்.

சொந்த சர்வரிலிருந்து க்ளவுடுக்குப் போகும் பாதைக்கும் நிபந்தனை உண்டு. இரு பக்கமும் ஒன்றையொன்று நம்ப ‘ஓஆத்’ என்ற அங்கீகார முறை அமைந்திருக்க வேண்டும். சொந்த சர்வருக்குள்ளேயே நடக்கும் தேடலுக்கும், க்ளவுடுக்குள்ளேயே நடக்கும் தேடலுக்கும் இது தேவையில்லை. எல்லையைத் தாண்டும்போதுதான் தேவை. பிரதான மெயில்பாக்ஸ் சர்வரிலும் ஆர்க்கைவ் மட்டும் க்ளவுடிலும் இருப்பவரை சர்வரிலிருந்து தேடினால் அதுவும் எல்லை தாண்டுவதுதான்.

இந்த நம்பிக்கை எக்ஸ்சேஞ்ச் சர்வர் தன் அடையாளத்தைக் காட்டும் டிஜிட்டல் சான்றான ஆத் சர்டிஃபிகேட்டின் மீது நிற்கிறது. சர்வரை நிறுவும்போது தானாக உருவாகும் அந்த சர்டிஃபிகேட்டுக்கு ஆயுள் 5 வருஷம். நிறுவியவர் வேலை மாறிப் போயிருப்பார், சர்டிஃபிகேட் ஒரு நாள் காலாவதியாகும். மெயில் போக்குவரத்து வேறு சர்டிஃபிகேட்டில் நடப்பதால் மெயில் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. எதிர்ப் பக்கத்து ஆட்களின் காலண்டர் தெரியவில்லை என்ற புகார்கள்தான் முதல் அறிகுறியாக வருவதுண்டு. அந்தப் புகார் வந்த காலத்தில் நடந்த எல்லை தாண்டிய தேடல்களையும் சந்தேகப்பட வேண்டும். தேடுவதற்கு முன் ஓஆத் இணைப்பைச் சோதிக்கவென்றே எக்ஸ்சேஞ்சில் ஒரு கட்டளை இருக்கிறது. மெயில்பாக்ஸ் பெயரைக் கொடுத்து ஓட்டினால் வெற்றியா தோல்வியா என்று சொல்லிவிடும். அதன் வெளியீட்டை விசாரணைக் கோப்பில் சேர்த்து வையுங்கள், பின்னால் கேள்வி வரும்போது கைகொடுக்கும்.

அப்புறம், இந்தப் பாதையின் எதிர்காலமே சுருங்கிக்கொண்டு வருகிறது. 2020-ல் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இன்-பிளேஸ் இ-டிஸ்கவரியை மைக்ரோசாஃப்ட் ஓய்வுபெறச் செய்தது. 2025-ல் இரு பக்கமும் பேசிக்கொள்ளும் முறையிலேயே கை வைத்தார்கள். அதுவரை சொந்த சர்வரும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனும் ஒரே சேவை அடையாளத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தன. சொந்த சர்வரைக் கைப்பற்றிய ஒருவர் அந்தப் பகிர்வைப் பிடித்துக்கொண்டு க்ளவுடுக்குள் ஏறிவிடலாம் என்பதுதான் சி.வி.இ-2025-53786 என்று பதிவான பலவீனம். இதற்காக ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று தனி ஹைப்ரிட் ஆப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று மாற்றினார்கள். இரு பக்கமும் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் ஈ.டபிள்யூ.எஸ். என்ற பழைய இடைமுகத்தையும், 2026 அக்டோபரிலிருந்து எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் நிறுத்தத் தொடங்குவதாக அறிவித்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்வது, சரிதான். ஆனால் இந்த மாற்றங்களுக்கு நடுவில், பல வருஷங்களுக்கு முன் அமைத்த ஒரு பாதை இன்னும் அப்படியே வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்வது தவறு.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘ஒரே தேடலில் இரு பக்கமும்’ என்ற ஆசையை விட்டுவிடலாம். சொந்த சர்வரில் இருப்பவர்களுக்கு அங்கே ஒரு தேடல், க்ளவுடில் இருப்பவர்களுக்கு பர்வ்யூவில் ஒரு தேடல், இரண்டு முடிவுகளையும் சேர்ப்பது கையால். வேலை இரட்டிப்பாகும். ஆனால் எது எங்கே தேடப்பட்டது என்பதில் மயக்கம் இருக்காது.

ஒரே ஆள், மூன்று இடம்

ஆறு பேரில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிரதான மெயில்பாக்ஸ் சொந்த சர்வரில். இடம் போதாமல் ஆர்க்கைவை க்ளவுடில் வைத்திருக்கிறார்கள், எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் ஆர்க்கைவிங் என்பது இதைத்தான். எக்ஸ்சேஞ்சோடு வரும் இயல்புநிலைக் கொள்கைப்படி இரண்டு வருஷத்தைத் தாண்டிய மெயில் தானாக ஆர்க்கைவுக்கு நகரும். கேட்டிருப்பதோ மூன்று வருஷம். சர்வரில் பிரதான மெயில்பாக்ஸை மட்டும் தேடினால் முதல் வருஷம் மொத்தமாகக் காணாமல் போகும்.

இவரே டீம்ஸ் பயன்படுத்துகிறார் என்று வையுங்கள். டீம்ஸ் சாட்டின் தேடத்தக்க பிரதி க்ளவுடில்தான் சேமிக்கப்படும். சொந்த சர்வரில் மெயில்பாக்ஸ் உள்ளவர்களுக்காகவே மைக்ரோசாஃப்ட் க்ளவுடில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சேமிப்பிடத்தை உருவாக்கி, சாட் பிரதிகளை அதில் போடுகிறது. இவர் பெயரைப் போட்டு பர்வ்யூவில் தேடினால் அந்தச் சாட்டுகள் வரலாம். ‘0’ வந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். இருபது, முப்பது முடிவுகள் வந்தால் யாரும் கேட்பதில்லை. “இவருடையது வந்துவிட்டது” என்று பட்டியலில் டிக் போட்டுவிடுவார்கள். மூன்று வருஷ மெயிலில் ஒன்றுகூட அதில் இல்லை என்பதை, ஒவ்வொரு முடிவும் என்ன வகை என்று திறந்து பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். ஹைப்ரிட் தேடலில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது இந்த இடம்தான்.

ஜர்னலிங், அதாவது போகிற வருகிற மெயிலுக்குத் தனியே ஒரு பிரதி எடுத்து வைக்கும் ஏற்பாடு, வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இன்னொரு இடமும் உண்டு. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் மெயில்பாக்ஸ் ஒன்றை ஜர்னல் பிரதிகள் சேரும் இடமாக வைக்க முடியாது. ஆகவே க்ளவுட் ஆட்களின் மெயிலுக்கும் ஜர்னல் பிரதி சொந்த சர்வரிலோ வேறொரு ஆர்க்கைவ் சேவையிலோ கிடக்கும். மூல மெயில் அழிந்திருந்தால் அதுதான் கடைசிப் புகலிடம்.

அழித்த மெயில்கள் தனிக் கதை. டெலீட்டட் ஐட்டம்ஸிலிருந்தும் நீக்கப்பட்ட மெயில், ரெகவரபிள் ஐட்டம்ஸ் என்ற மறைவான ஃபோல்டருக்குப் போகிறது. இரு பக்கத்திலும் இயல்புநிலையில் 14 நாள் அங்கே இருக்கும். ஹோல்டு, அதாவது மெயில் அழியாமல் காக்கும் தடை, போட்டிருந்தால் அதற்கு மேலும் இருக்கும். இ-டிஸ்கவரி தேடல் அந்த ஃபோல்டரையும் பார்க்கும், பயனர் தன் அவுட்லுக்கில் சாதாரணமாகத் தேடும்போது அது பார்க்கப்படாது. “நானே தேடிப் பார்த்தேன், ஒன்றுமில்லை” என்று ஒருவர் நேர்மையாகவே சொன்னாலும் அது விசாரணைக்குப் போதாது என்பதற்கு இது ஒரு காரணம்.

வேலையை விட்டுப் போனவர்களையும் மறக்கக் கூடாது. க்ளவுடில் ஹோல்டு இருக்கும்போது கணக்கை நீக்கினால், மெயில்பாக்ஸ் ‘இன்ஆக்டிவ்’ நிலையில் தேடத்தக்கதாக நிற்கும். சொந்த சர்வரில் துண்டிக்கப்பட்ட மெயில்பாக்ஸ் இயல்புநிலையில் 30 நாளுக்குப் பிறகு போய்விடும்.

இண்டெக்ஸ் ஒன்றல்ல

தேடல் மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பதில்லை, முன்கூட்டியே கட்டி வைத்த சொல் அட்டவணையான இண்டெக்ஸைத்தான் பார்க்கிறது. இரு பக்கத்துக்கும் இண்டெக்ஸ் வேறு. எக்ஸ்சேஞ்ச் 2013, 2016 பதிப்புகளில் இண்டெக்ஸ் மெயில்பாக்ஸ் டேட்டாபேஸுக்கு வெளியே, தனிக் கோப்புகளாக இருக்கும். டிஸ்க் நிறைந்தாலோ ஆன்டிவைரஸ் குறுக்கிட்டாலோ கெட்டுப்போகும். டேட்டாபேஸ் பிரதியின் நிலையைக் கேட்டால் இண்டெக்ஸ் ‘ஹெல்தி’யா, ‘கிராலிங்’கா, ‘ஃபெயில்டு’ ஆ என்று தெரியும். கிராலிங் என்றால் இன்னும் கட்டி முடியவில்லை என்று பொருள். அப்போது கிடைக்கும் முடிவு அரைகுறைதான். 2019 பதிப்பில் இண்டெக்ஸை மெயில்பாக்ஸுக்குள்ளேயே கொண்டுபோய்விட்டார்கள். அங்கே இதே கேள்வியைக் கேட்டால் ‘பொருந்தாது’ என்று பதில் வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

இண்டெக்ஸ் நலமாக இருந்தாலும் அதற்குள் நுழையாதவை உண்டு. பாஸ்வேர்டு போட்ட கோப்புகள், இண்டெக்ஸ் படிக்கத் தெரியாத வகைக் கோப்புகள், அளவு மீறிய இணைப்புகள். பர்வ்யூ இவற்றை ‘பகுதி இண்டெக்ஸ் ஆனவை’ என்று தனியாகக் கணக்குக் காட்டும். அந்த எண்ணிக்கையைப் பலர் பார்ப்பதே இல்லை. ஒப்பந்தம் போன்ற விஷயங்கள்தான் பாஸ்வேர்டு போட்ட கோப்பாகப் போகும் என்பதை யோசித்தால், அந்த மூட்டையைத் தனியே இறக்கிப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

2013-லிருந்து கே.க்யூ.எல். என்ற வினா மொழிதான் நடைமுறையில் இருக்கிறது. ஒரே வினாவை இரண்டு பக்கமும் ஒட்டிவிடலாம் என்று தோன்றும். பெரும்பாலும் சரிதான், ஆனால் சில இடங்களில் கவனம் வேண்டும். நட்சத்திரக் குறியைச் சொல்லின் கடைசியில்தான் போட முடியும், முதலில் போட்டால் எடுபடாது. ஆண்ட், ஆர், நாட் ஆகியவை பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும், சிறிய எழுத்தில் எழுதினால் அவை தேடும் சொற்களாகவே போய்விடும். ஒருவரின் முகவரியைக் கொடுத்துத் தேடும்போது, க்ளவுட் பக்கம் டைரக்டரியைப் பார்த்து அவருடைய பெயர், மாற்று முகவரி, பழைய எக்ஸ்சேஞ்ச் அடையாளம் என்று வினாவைத் தானே விரித்துக்கொள்ளும். சர்வர் பக்கத்தில் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்காமல், மாற்று முகவரிகளை நீங்களே ஒவ்வொன்றாக எழுதிவிடுவது நல்லது. பல வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு நிறுவனப் பெயர் மாற்றம், திருமணம் என்று மூன்று நான்கு முகவரிகள் இருக்கும்.

தேதியும் அப்படித்தான். பர்வ்யூ தேதிகளை யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் கணக்கிடும். யு.டி.சி.க்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கும் ஊரில் மார்ச் 1 காலை 6 மணிக்கு வந்த மெயில், தேடலின் கணக்கில் பிப்ரவரியின் கடைசி நாள் இரவு 10 மணி. ‘மார்ச் 1 முதல்’ என்று கேட்டால் அது விட்டுப்போகும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு நாள் கூட்டித் தேடிவிட்டு, பிறகு வடிகட்டிக்கொள்ளலாம்.

தேடும்போதே நகரும் மெயில்பாக்ஸ்

ஹைப்ரிட் பல நிறுவனங்களில் இடைக்கால நிலை. வாராவாரம் சில மெயில்பாக்ஸ்கள் க்ளவுடுக்குப் போய்க்கொண்டிருக்கும். திங்களன்று போட்ட பட்டியல் வெள்ளியன்று பொய்யாகிவிடும். சர்வரில் தேடல் ஓடும் அன்று மெயில்பாக்ஸ் க்ளவுடில், அடுத்த வாரம் க்ளவுடில் தேடும்போது பழைய பட்டியலில் அவர் பெயர் சர்வர் பக்கம். இரண்டிலும் அவர் விட்டுப்போவார். விசாரணைக்கு உட்பட்டவர்களின் நகர்த்தலை அது முடியும்வரை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே நகர்ந்துவிட்டவர்களுக்கு, ஹோல்டு புதிய பக்கத்திலும் இருக்கிறதா என்று நேரடியாகத் திறந்து பாருங்கள். இருந்திருக்கும் என்ற நம்பிக்கை இங்கே போதாது. 14 நாள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

உரிமைகளும் இரு பக்கம் தனித்தனி. சொந்த சர்வரில் டிஸ்கவரி மேனேஜ்மென்ட் என்ற குழுவில் இருப்பவர்களுக்கே தேடும் உரிமை. அந்தக் குழு ஆரம்பத்தில் காலியாகத்தான் இருக்கும், தலைமை அட்மினுக்குக்கூட இயல்பாக அந்த உரிமை கிடையாது. இது வேண்டுமென்றே செய்த நல்ல ஏற்பாடு, அடுத்தவரின் மெயிலைப் படிக்கும் அதிகாரம் யாரோ ஒருவர் தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும். க்ளவுடில் பர்வ்யூவின் இ-டிஸ்கவரி மேனேஜர் உரிமை தனியாகத் தரப்பட வேண்டும். விசாரணை முடிந்ததும் இரு பக்கத்திலிருந்தும் பெயரை நீக்க வேண்டும். ஒரு பக்கம் நீக்கிவிட்டு மறுபக்கம் மறப்பது சாதாரணமாக நடப்பது.

தேடலைத் தேடிப் பார்ப்பது

இத்தனைக்கும் பிறகு 0 வந்தால் அதை எப்படி நம்புவது? ஒவ்வொரு மெயில்பாக்ஸிலும் நிச்சயமாக இருக்கிறது என்று தெரிந்த ஒரு மெயிலைக் குறிவைத்து முதலில் தேடிப் பாருங்கள். எல்லா ஊழியர்களுக்கும் போன ஒரு சுற்றறிக்கை இதற்குப் போதும். அது கிடைத்தால் தேடல் அந்த மெயில்பாக்ஸை எட்டுகிறது, இண்டெக்ஸ் வேலை செய்கிறது. அந்தச் சுற்றறிக்கைகூடக் கிடைக்காத மெயில்பாக்ஸில் ஒப்பந்தம் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. ஆர்க்கைவுக்கும் ஒன்று, அதாவது இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு சுற்றறிக்கை, தனியாகத் தேடப்பட வேண்டும்.

சமீபத்திய மெயில் என்றால் போக்குவரத்துப் பதிவோடு ஒப்பிடலாம். சொந்த சர்வரின் மெசேஜ் ட்ராக்கிங் பதிவு இயல்புநிலையில் 30 நாள் இருக்கும், க்ளவுடின் மெசேஜ் ட்ரேஸ் 90 நாள் வரை பின்னோக்கிப் போகும். இவற்றில் மெயிலின் உள்ளடக்கம் இருக்காது, யாரிடமிருந்து யாருக்கு எப்போது போனது என்பது இருக்கும். பதிவில் வந்து சேர்ந்த மெயில் தேடலில் இல்லையென்றால் ஒன்று அழிக்கப்பட்டிருக்கிறது, இல்லை தேடல் தவறவிட்டிருக்கிறது. இரண்டுமே மேலே விசாரிக்க வேண்டியவை.

முடிவைக் கொடுக்கும்போது எண்ணிக்கையோடு இவற்றையும் எழுதிக் கொடுங்கள்: எந்த மெயில்பாக்ஸ் எந்தப் பக்கத்தில் எந்தத் தேதியில் தேடப்பட்டது, எந்த வினாவில், சோதனை மெயில் கிடைத்ததா, பகுதி இண்டெக்ஸ் ஆனவை எத்தனை, அவை பார்க்கப்பட்டனவா. கேட்டவர் தொழில்நுட்பம் தெரியாதவராக இருந்தாலும் இந்த ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்வார். எதைப் பார்க்க முடியவில்லை என்பதையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும், அதை நீக்கிவிட்டு வெறும் எண்ணை நீட்டுவது நியாயமில்லை.

எல்லா மெயில்பாக்ஸும் க்ளவுடுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் சொந்த சர்வர் பக்கத்தைப் பட்டியலிலிருந்து அவசரப்பட்டு எடுத்துவிட வேண்டாம். பெறுநர் பதிவுகளைப் பராமரிக்க ஒரு எக்ஸ்சேஞ்ச் சர்வரை விட்டுவைக்கும் நிறுவனங்கள் நிறைய. ஜர்னல் மெயில்பாக்ஸும், யாரும் நகர்த்தாமல் விட்ட பொதுப் பயன்பாட்டு மெயில்பாக்ஸ் ஒன்றிரண்டும் அதில்தான் இருக்கும். அந்த சர்வரை அணைப்பதற்கு முன் அதில் மிச்சமிருப்பது என்ன, அவற்றில் எதற்கு ஹோல்டு இருக்கிறது என்று சட்டப் பிரிவோடு உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.